நண்பர்களுக்கிடையே பொறாமை: வன்னியிலிருந்து முதல் சிறுகதை எழுதுவோருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் புதிதாக எழுத வரும் பிள்ளைகளின் கதைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். போரை எழுதினால் நன்றாக எழுதுகிறார்கள். காதலைக்கூட ஒருமாதிரி ஒப்பேற்றிவிடுகிறார்கள். நண்பனைப் பார்த்து நண்பனுக்கு எரிகிற கதை என்று வந்தால்தான் சறுக்குகிறது. ஒருவன் நல்லவன், மற்றவன் கெட்டவன். கெட்டவன் குழி பறிக்கிறான். பிறகு அவனுக்கே விபத்து நடக்க, நல்லவன் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் இரத்தம் கொடுக்கிறான். கண்ணீர், கட்டிப்பிடிப்பு, முற்றும்.

அந்தக் கதையை வேறு மாதிரி எழுதிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது. படிப்படியாகப் போவோம். எல்லாப் படிக்கும் ஒரே அளவு நேரம் பிடிக்காது. இரண்டாவதும் ஐந்தாவதும்தான் உங்களை நிறைய நாள் இருத்திவைக்கும்.

1. ஆட்கள் இரண்டா, மூன்றா?

பேனையை எடுக்க முன்னர் இதை முடிவு செய்யுங்கள். "அவனிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை" என்பது இருவர் கதை. "என் சிநேகிதியை இன்னொருத்தி பறித்துக்கொண்டு போகிறாள்" என்பது மூவர் கதை. இரண்டுக்கும் நடை வேறு. முதலாவதில் கண் ஒரு பொருளின் மேல் இருக்கும். இரண்டாவதில் கண் ஓர் ஆளின் மேல் இருக்கும். யார் யாரோடு கதைக்கிறார், யாருடைய சைக்கிளில் யார் ஏறுகிறார் என்பதுதான் அங்கே செய்தி.

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் இரண்டும் உண்டு. தனக்கு வரவேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டதே என்று இயாகோவுக்கு எரிச்சல். அவன் மூட்டிவிட்ட சந்தேகத்தில் ஒதெல்லோவுக்கு மனைவி மேல் வருவது மூவர் கணக்கு. ஷேக்ஸ்பியருக்கு ஐந்து அங்கம் இருந்தது. உங்களுக்கு ஆறோ ஏழோ பக்கம். ஒன்றை எடுங்கள். முதல் கதைக்கு இருவர் கதைதான் கைக்கு அடங்கும் என்பது என் எண்ணம். இனி வருவதெல்லாம் அதைப் பற்றியது.

2. எரிச்சல் எதன் மேல்? அந்தப் பொருளைத் தெரிவு செய்யுங்கள்

"அவனுடைய முன்னேற்றத்தைப் பார்த்து" என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். முன்னேற்றத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. தகரக் கூரை ஓடாக மாறியதைப் பார்க்கிறார்கள். புது லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) வாசலில் நிற்பதைப் பார்க்கிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பதைப் பார்க்கிறார்கள்.

பொருளைத் தெரிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அது எல்லாருக்கும் போதாத அளவில் இருக்கிறதா? இருவருக்கும் அதில் ஏறக்குறைய ஒரே உரிமை இருந்ததா? கிடைத்தவருக்குக் கிடைத்தது தினமும் மற்றவர் கண்ணில் படுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் பொருள் சரி.

இந்த இரண்டாவது கேள்வி முக்கியம். எட்டாத உயரத்தில் இருப்பவன் மேல் நமக்குப் பெரிதாக எரிவதில்லை. கொழும்பில் ஒருவன் பத்து மாடி கட்டினால் "கட்டட்டும்" என்றுவிட்டுப் போகிறோம். பக்கத்து வளவில் ஓர் அறை கூடினால்தான் நித்திரை வராது. மகாபாரதத்தில் துரோணரும் துருபதனும் ஒன்றாகப் படித்த சிநேகிதர்கள். துருபதன் அரசனானதும், வறுமையோடு வாசலுக்கு வந்த துரோணரிடம், சமமானவர்களுக்கு இடையில்தான் நட்பு என்று சொல்லிவிடுகிறான். துரோணர் பிறகு சீடர்களை அனுப்பி அவனைப் பிடித்து, பாஞ்சாலத்தில் பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மீதியை அவனுக்கே கொடுக்கிறார். இப்போது சமமாகிவிட்டோம், இனி நட்பாக இருக்கலாம் என்கிறார். முழுவதையும் எடுத்திருக்கலாம். பாதிதான் எடுத்தார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடமே அந்தப் பாதிதான்.

வன்னியில் எழுதுபவருக்கு இந்த விஷயத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது, கசப்பான வசதி. போர் முடிந்த 2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்த சனம் ஏறக்குறைய எல்லாரும் ஒரே கோட்டில் நின்றார்கள். ஒரே தறப்பாள், ஒரே நிவாரண அரிசி, ஒரே வெறுங்காணி. முன்பு கல்வீடு வைத்திருந்தவரும் குடிசையில் இருந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் தடி நட்டுத் தறப்பாள் கட்டினார்கள். அந்தக் கோட்டிலிருந்து யார் முதலில் ஓரடி எடுத்துவைத்தார் என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் அங்குலக் கணக்கில் தெரிந்த காலம் அது.

சில பொருள்கள் சொல்கிறேன். சிறுபோகத் (கோடைப் பயிர்) தண்ணீர்: இரணைமடுக் குளத்தின் கீழ், நீரின் அளவைப் பார்த்து, கூட்டம் போட்டு, இத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். இருக்கிற வயல் முழுவதையும் எல்லாரும் விதைக்க முடியாது. பல்கலைக்கழக அனுமதி: நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகிறது, 55 இடம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதாவது கிளிநொச்சியில் ஒரே ரியூசனில், ஒரே வாங்கில் இருந்து, ஒரே கொப்பியைப் பார்த்து எழுதிய இரண்டு சிநேகிதிகள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர்தான் போட்டி. கொழும்புப் பிள்ளையோடு அல்ல. அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் வரும் எண்ணில் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. இதை நன்றாக எழுதிய கதையை நான் இன்னும் காணவில்லை. யாராவது எழுதுங்கள்.

மூன்றாவது, வீட்டுத்திட்டம். இந்தக் கட்டுரைக்கு அதையே உதாரணமாக எடுக்கிறேன். போருக்குப் பிறகு இந்தியாவின் உதவியோடு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் 50,000 வீடுகள், பெரும்பகுதி வடக்கு கிழக்கில். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் விழுந்தது. வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டியிருந்தது. அத்திவாரம் முடிந்தது என்று வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த காசு. பட்டியலில் ஒரு வளவு வரும், பக்கத்து வளவு வராது. கதைக்கு இதைவிட என்ன வேணும்?

இரண்டு பெண்கள். மலர், புனிதா என்று பெயர் வைப்போம். முகாமில் ஒரே கொட்டகை. திரும்பி வந்து பக்கத்துப் பக்கத்து வளவு. நடுவில் கிடுகு வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. புனிதாவின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது.

3. முதலில் அன்பைக் கட்டுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அன்பு இல்லாத இடத்தில் வருவதைப் பகை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதற்கு வேறு கதை எழுதலாம். மலருக்குப் புனிதாவை உண்மையாகவே பிடிக்கும். வாசகர் அதை நம்ப வேண்டும்.

"கேட்டினும் உண்டோர் உறுதி கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்" என்கிறது குறள். கெட்ட காலம் வந்தால் யார் நம்மவர் என்று அளந்துவிடலாம். வன்னிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலரும் புனிதாவும் அந்தக் கோலால் அளக்கப்பட்டுத் தேறியவர்கள். புனிதாவின் கைக்குழந்தையை மலர் தன் பிள்ளையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். ஆனால் குறள் சொல்லும் கோல் கேட்டை அளக்கிற கோல். நல்ல காலத்தில் நட்பு என்ன ஆகும் என்று அளக்க வேறு கோல் வேணும்; உங்கள் கதை அதைத்தான் செய்யப்போகிறது. தறப்பாளைப் பங்கிட்டவளால் ஓட்டுக் கூரையைப் பொறுக்க முடியவில்லை. கதையின் கரு இவ்வளவுதான்.

அன்பைக் காட்ட ஒரு காட்சி போதும், அரைப் பக்கம். நடந்த நடையையெல்லாம் விவரிக்கப் போனால் கதை போர்க்கதையாகிவிடும். "குழந்தைக்கு அப்போது சளி. மலரின் தோளில்தான் நித்திரை கொண்டது" என்று ஒரு வரி. போதும், மேலே போங்கள்.

4. யார் சொல்வது?

எரிகிறவர் சொல்லட்டும். "நான்" என்று மலரே சொல்லலாம், அல்லது "மலர்" என்று எழுதிக்கொண்டு அவளுடைய தலைக்குள்ளேயே இருக்கலாம். புனிதாவைச் சொல்லவிட்டால் கதை முறைப்பாடாகிவிடும்.

ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830இல் எழுதிய 'மோசார்ட்டும் சாலியேரியும்' இரண்டே காட்சி கொண்ட சின்ன நாடகம். தொடங்கும்போதே சாலியேரி பேசத் தொடங்கிவிடுகிறான். பூமியில் நியாயம் இல்லை என்கிறார்கள், மேலேயும் இல்லை என்கிறான். வாழ்நாள் முழுக்க உழைத்தவன் தான். வரமோ விளையாட்டாகத் திரிகிற மோசார்ட்டுக்குப் போய்விட்டது. அவன் சொல்லச் சொல்ல நமக்கும் "பாவம், சரிதானே" என்று தோன்றுகிறது. நஞ்சு கலக்கப்போகிறவன் பக்கம் நம்மைச் சாய்த்துவிடுகிறார் புஷ்கின். அதற்காகத்தான் எரிகிறவர் வாயால் சொல்லச் சொல்கிறேன். (உண்மையான சாலியேரி மோசார்ட்டுக்கு நஞ்சு வைத்ததற்கு ஆதாரம் கிடையாது. பாவம் அந்த மனுசன், வதந்தியிலும் இலக்கியத்திலும் கொலைகாரனாகிவிட்டார். ஊர் ஆட்களின் பெயரைக் கதையில் போட நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்திருங்கள்.)

5. ஒரு சின்னக் கெடுதலைக் கண்டுபிடியுங்கள்

நஞ்சு வேண்டாம். தீ வைப்பு, பொலிசுக்குப் பெட்டிசன், சூனியம் ஒன்றும் வேண்டாம். நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்கிற கெடுதல் பெரும்பாலும் எதையோ செய்யாமல் விடுவதுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. எழுப்ப வேண்டிய நேரத்தில் எழுப்பாமல் விடுவது. வயல் கதையென்றால், தண்ணீர் முறை நடுச்சாமத்தில் வருகிறது. நண்பன் அயர்ந்து தூங்குகிறான். தன் வயலுக்குப் பாய்ச்சி முடித்தவன் அவனுடைய வாய்க்கால் வாயைத் திறந்துவிட்டுப் போகலாம்; அல்லது தட்டி எழுப்பலாம். "அலுப்பிலே கிடக்கிறான், பாவம், படுக்கட்டும்" என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுக்கிறான். அந்தப் "பாவம்" என்ற நினைப்பு உங்கள் கதைக்குப் பொன். தான் கெடுதல் செய்கிறேன் என்று அவனுக்கே தெரியாத மாதிரி நடக்க வேண்டும்.

மலருக்கு என்ன? புனிதாவின் போன் பழுது. வீட்டைப் பார்க்க வருகிற உத்தியோகத்தர் மலரின் போனுக்கு எடுக்கிறார்: நாளைக்குக் காலையிலே வருகிறேன், வீட்டுக்காரர் நிற்க வேணும். நாளை புனிதா பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற நாள் என்று மலருக்குத் தெரியும். பொட்டுக்குள்ளால் இரண்டு எட்டு வைத்தால் சொல்லிவிடலாம். அடுப்பில் சோறு. பிறகு சொல்லுவம் என்று இருக்கிறாள். பிறகு இருட்டிவிட்டது. விடியவும் முதல் பஸ்சில் புனிதா போய்விட்டாள். உத்தியோகத்தர் வந்து, ஆளில்லாமல், திரும்பிப் போகிறார். காசு பிந்துகிறது. கூரை போட முன்னர் மழை வந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிப்பதற்கு நாள் எடுக்கும். முதலில் மனதில் வருவது எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். சினிமாவில் பார்த்ததாக இருக்கும். அதைத் தள்ளிவிட்டு, "இதைவிடச் சின்னதாக என்ன செய்யலாம்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஊரில் யாரிடமும் முறையிட முடியாத அளவுக்குச் சின்னதாக வந்ததும் நிறுத்துங்கள். "போன் வந்தது, மறந்துபோனன்" என்று மலர் சொன்னால் புனிதாவால் என்ன செய்ய முடியும்?

6. அந்தச் சொல்லை அடியுங்கள்

வரைவு முடிந்ததும் "பொறாமை", "எரிச்சல்", "மனம் குமுறியது", "நெஞ்சு வெந்தது" எல்லாவற்றையும் பேனையால் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஆளை ஏதாவது செய்யவிடுங்கள். புஷ்கினின் சாலியேரி "நான் பொறாமைக்காரன்" என்று வாய்விட்டே சொல்கிறானே என்று கேட்கலாம். அது மேடை. அங்கே ஒருவன் தனியே நின்று பேசலாம்.

வழக்கமாக வருகிற வரைவு இது:

"புனிதாவின் புது வீட்டைப் பார்த்ததும் மலருக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் மட்டும் இன்னும் தறப்பாளுக்குள்ளே கிடக்கிறோமே என்று அவள் மனம் குமுறியது."

இதையே மாற்றி எழுதினால்:

"மலர் படலையால் வந்தாள்.

'செருப்பைக் கழட்ட வேணுமோடி?'

'விசர்க்கதை கதையாதை. உள்ளுக்கு வா.'

மலர் கழற்றினாள். சீமெந்துத் தரை குளிர்ந்தது. சுவரை ஒருக்கால் உள்ளங்கையால் தடவினாள்.

'பூச்சு வடிவா வந்திருக்கு. ஆர் மேசன்?'

புனிதா சொன்னாள்.

'அவனோ? அவன் சீமெந்து குறைச்சுத்தான் போடுறவன் எண்டு கதைக்கினம்.' கையைச் சட்டையில் துடைத்தாள். 'உனக்கு நல்லாத்தான் செய்திருப்பான்.'"

வேலிப் பொட்டால் வந்து போனவள் இன்றைக்குப் படலையால் வருகிறாள். கேட்காமலே செருப்பைக் கழற்றுகிறவளாக இருந்திருந்தால் அது சாதாரண மரியாதை. கேட்டுவிட்டுக் கழற்றுவதில் ஊசி இருக்கிறது. புகழ்கிறாள், உடனே ஓர் ஓட்டை போடுகிறாள், பிறகு ஓட்டையை அடைக்கிற மாதிரி ஒரு வசனம். சிநேகிதி ஒருத்தியின் எரிச்சல் பேசும்போது இப்படித்தான் பேசும். போன் விஷயம் நடந்து முடிந்த பிறகு வருகிற காட்சி இது என்று வைத்துக்கொண்டு இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். அந்தக் கை சுவரில் எதைத் தேடுகிறது?

இன்னொரு சாமானும் கையில் இருக்கிறது. புது வீட்டுக்குக் கண்ணூறு படாமல் நீத்துப்பூசணிக்காய் கட்டித் தூக்குவார்கள். அந்தக் காயை மலரே தன் வளவிலிருந்து பிடுங்கிக் கொண்டுவரட்டும். "ஊர்க்கண் பொல்லாதது. கட்டாயம் கட்டு" என்று சொல்லட்டும். அதற்குமேல் ஒரு வார்த்தையும் விளக்காதீர்கள்.

பேச்சுநடை பற்றி ஒன்று. உரையாடலில் "எண்டு", "கதைக்கினம்", "ஆர்" போதும்; எல்லாச் சொல்லையும் உடைத்து எழுதினால் வாசிக்கிறவர் களைத்துப்போவார். அதேபோல் தொலைக்காட்சித் தொடரில் கேட்ட சென்னைப் பேச்சை மலரின் வாயில் வைக்காதீர்கள்.

7. மற்றப் பக்கம்

பொறாமைக்கு ஒரு பழக்கம் உண்டு: எதிரில் இருப்பவரும் தன்னைப் போலவே நினைக்கிறார் என்று நம்பிவிடும். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் நோல்ஸின் 'எ செப்பரேட் பீஸ்' (1959) நாவலில், பள்ளிக்கூட விடுதியில் ஒன்றாக இருக்கும் இரண்டு பெடியன்கள். ஜீன் படிப்பில் கெட்டி, ஃபினி விளையாட்டில். ஃபினி தன் படிப்பைக் கெடுக்கத்தான் விளையாட இழுக்கிறான் என்று ஜீன் முடிவு கட்டிவிடுகிறான். பிறகு ஒருநாள் பேச்சோடு பேச்சாகத் தெரியவருகிறது, ஃபினிக்கு அப்படியொரு நினைப்பே இருந்ததில்லை என்று. அதில் ஜீனுக்கு ஆறுதல் வரவேண்டும். வரவில்லை, முன்பைவிட மோசமாகிறது. அதற்குப் பிறகுதான் இருவரும் மரத்தில் ஏறி நிற்கும்போது அவன் கிளையை அசைக்கிறான். எதிராளி நம்மைவிட நல்லவர் என்று தெரிவது எவ்வளவு பெரிய அடி என்று அந்த இடத்தில் படித்துக்கொள்ளலாம்.

நம் கதையில் புனிதா தன்னை எடுப்புக் காட்டுகிறாள் என்று மலர் நம்பட்டும். உண்மையில் புனிதாவின் கழுத்து வெறுமை, சங்கிலி அடைவில். திட்டக் காசு கூரையோடு முடிந்தது, மீதி நுண்கடன். பின்னேரங்களில் புது வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதை மலர் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறாள். "வீடு வந்ததும் விருந்தாளியும் வரத்தானே செய்யும்" என்று நினைக்கிறாள். கிழமைக் காசு வாங்க வருகிறவன் அவன் என்று வாசகர் மலருக்கு முன்னரே ஊகித்துவிட வேண்டும். எப்படி? அந்த மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு முறையும் ஒரே கிழமை நாளில் வரட்டும். அவ்வளவு போதும்.

8. முடிவு

ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம். மலருக்குத் தண்டனையும் வேண்டாம். அவள் கொட்டிலில் மழை ஒழுகுவதே போதும்.

புனிதாவின் கடன் மலருக்குத் தெரியவரும் இடத்தை எழுதுங்கள். அந்த நொடியில் மலருக்கு முதலில் என்ன வரும்? இரக்கம் என்று எழுதத்தான் கை போகும். நிறுத்துங்கள். முதலில் வருவது ஒரு சந்தோசம். மிகச் சின்னதாக, அடக்க முடியாததாக. அதை அவள் உணர்ந்ததைத் தானே கண்டுபிடிப்பதுதான் கதையின் உச்சம். அதன் பிறகு இரண்டு மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள். அவள் புனிதாவுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். எது சரி என்று அந்த நேரம் கதையே சொல்லும்.

9. அனுப்ப முன்னர்

சத்தமாக வாசியுங்கள், உரையாடல் இடறுகிற இடம் காதுக்குத் தெரியும். நீதி சொல்லும் கடைசிப் பந்தி இருந்தால் வெட்டுங்கள், பெரும்பாலும் இருக்கும். போர் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். மலர் இப்படி ஆனதற்குப் போர்தான் காரணம் என்று எங்காவது எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். போர் அவர்களை ஒரே கோட்டில் நிறுத்தியது. சோற்றை அடுப்பில் வைத்துக்கொண்டு இருந்தது மலர்தான்.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். ஊர் சின்னது. கதை வெளிவந்தால் "இது எங்கட வீட்டுக் கதையோ?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பெயரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, ஆளைத் தொழிலை வைத்தும் வளவை வைத்தும் பிடித்துவிடுவார்கள். தொழிலை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள். வயல் கதையை நந்திக்கடல் கரைக்குக் கொண்டுபோனால் வாய்க்காலுக்குப் பதில் வலை வரும், தண்ணீர் முறைக்குப் பதில் இறால் படுகிற இரவு வரும், எழுப்பாமல் விட்டுப்போன சைக்கிள் ஒரு வள்ளமாகும். இதற்காக இரண்டு நாள் அந்தக் கரையில் போய் நின்று ஆட்களோடு கதைக்க வேண்டிவரும். கதைக்கும்போது புதிதாக ஏதாவது கிடைத்தால் பழைய வரைவைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி ஒன்றாம் படியிலிருந்து எழுதுங்கள்.